கொஞ்சம் தள்ளி உட்காருங்க

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நான் பாக்கறேன்” என்று சொல்லும் ஆசாமியை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சாதிக்காதீர்கள். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார். குடும்பத்தில் ஒருவர் இருக்கிறார், பெரும்பாலும் ஒரு சித்தப்பா. நடுவழியில் லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்ட ஆறு பேரில் ஒருவர் அவராகத்தான் இருப்பார். மற்ற ஐந்து பேரும் அவசர மணியை அழுத்தலாமா என்று யோசிப்பதற்குள் அவர் பொத்தான் பலகையின் திருகாணிகளில் இரண்டைக் கழற்றி சட்டைப் பையில் போட்டிருப்பார்.

ஒரு கருவி இன்னொரு கருவியோடு பேச மறுக்கிறது என்ற சேதி காதில் விழுந்தால் போதும், சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டு எழுந்து வருவார். நீங்கள் கூப்பிட்டீர்களா? இல்லை. கூப்பிட்டால்தான் வருவேன் என்று பிகு பண்ணிக்கொள்கிற ரகமல்ல அவர். வந்து, உங்கள் நாற்காலியின் முதுகில் கை வைப்பார். நீங்கள் எழுந்துவிடுவீர்கள். ஏன் எழுந்தோம் என்று உங்களுக்கே புரியாது. அதன் பிறகு அன்று முழுவதும் உங்கள் சொந்த மேசைக்குப் பக்கத்தில், விருந்தாளி மாதிரி, நின்றுகொண்டே இருப்பீர்கள்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். மேசையின் கீழ் இழுப்பறை முழுக்கக் கேபிள்கள். பதினோரு கேபிள்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், அவற்றில் நாலு எதற்கானவை என்று அவற்றைச் செய்தவருக்கே மறந்திருக்கும். எதையும் ஒருமுறை கழற்றி மாட்டிய பிறகுதான் அதைப் பற்றிக் கருத்துச் சொல்வார். மாட்டுவதற்கு முன்னால் முனையில் ‘ஃபூ’ என்று ஒரு ஊது. “என்கிட்ட நல்லாத்தான் வேலை செஞ்சுது” என்பது அவர் முதல் வாக்கியம். “இது நேத்து வரைக்கும் இப்படி இல்லையே” என்பது இரண்டாவது. மூன்றாவது வாக்கியத்துக்கு முன்னால் ஒரு பெருமூச்சு விடுவார்.

எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம் ஒன்று இருக்கிறது. அவர் படிப்பதில்லை.

படிக்கத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படிப்பார். ஆனால் ஒரு திரையில் ஒரு பெட்டி தோன்றி, அதற்குள் இரண்டு வரி இருந்து, அடியில் இரண்டு பொத்தானும் இருந்துவிட்டால், அந்த இரண்டு வரியும் அவர் கண்ணுக்குப் போகாது. நேராகக் கட்டைவிரலுக்குப் போய்விடும். கட்டைவிரல் அதைக் கொசு மாதிரி அடித்துவிட்டு மறுபடி ஓய்வெடுக்கும். பெட்டி என்ன சொன்னது என்று கேட்டுப் பாருங்கள். “எந்தப் பெட்டி?” என்பார். சத்தியமாக அவருக்குத் தெரியாது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்தப் பெட்டிகளுக்குள் இருக்கும் வாக்கியங்களை எழுதுவதுதான் என் பிழைப்பு. கண்ணாடிக் கடை ஒன்றின் மேல்மாடியில், எட்டுப் பேர் வேலை பார்க்கும் செயலிக் கம்பெனியில், ஜன்னலோரம் உட்கார்ந்து, ‘இதை அழித்தால் திரும்பப் பெற முடியாது. அழிக்கவா?’ என்பது போன்ற வரிகளை நாள் முழுக்கச் செதுக்குகிறேன். ‘அழிக்கவா’ போடுவதா ‘நீக்கவா’ போடுவதா என்று நான் ஒரு மத்தியானம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டதுண்டு. என் மனைவிகூட அதைப் படித்ததில்லை. அவளும் ‘சரி’யை அழுத்துகிறவள்தான்.

எங்கள் அலுவலகத்து ஆசாமிக்கு ஸ்பெஷலிஸ்ட் என்று பெயர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அசைவற்றுக் கிடந்த பிரிண்டரை எல்லோரும் கைவிட்ட நேரத்தில், அதன் விலாவில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். அது உயிர் பெற்று ஒன்பது பக்கம் துப்பியது. அன்றைக்கு வாங்கிய பட்டம். அவர் தட்டிய அதே நொடியில், சுவரிலிருந்த சுவிட்சை வரவேற்பறைப் பெண் போட்டாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அவள் நல்ல குணம், வெளியே சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொன்னாள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

எங்கள் புரோகிராமர் பெண் எட்டு மாதமாக ஒரு செயலி எழுதினாள். மாத்திரை அட்டையைப் போனின் கேமராவுக்கு முன்னால் காட்டினால், அது என்ன மாத்திரை, எப்போது காலாவதி என்று போன் வாய்விட்டுச் சொல்லும். பார்வை குறைந்தவர்களுக்கானது. அவள் அப்பாவுக்குக் கண் மங்கி வருகிறது; போன வருஷம் சர்க்கரை மாத்திரையையே இரண்டு தடவை போட்டுக்கொண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதிலிருந்துதான் ஆரம்பித்தாள். பார்வையற்றோர் சங்கம் ஒன்று இதை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. சங்கத்துச் செயலாளர் அன்று மூன்று மணிக்கு நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்தால் நூற்றைம்பது உறுப்பினர்களுக்குப் போகும். இல்லையென்றால் மறுநாள் அவர்கள் வேறொரு கம்பெனியின் செயலியைப் பார்க்கப் போகிறார்கள். எட்டு மாத உழைப்பைப் பரணில் போட வேண்டியதுதான் என்று முதலாளி பட்டென்று சொல்லிவிட்டார்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அவளுக்கு அந்த வாரம்தான் புதுக் கம்ப்யூட்டர் கொடுத்திருந்தார்கள். செயலியைக் கம்ப்யூட்டரிலிருந்து போனுக்கு அனுப்ப ஒரு கேபிள் மாட்ட வேண்டும். பழைய கம்ப்யூட்டரைப் போனுக்குப் பழக்கம். புதியதைத் தெரியாது. தெரியாதவர் கதவைத் தட்டினால் நாம் என்ன செய்வோம்? யார் என்று கேட்போம். போனும் அதைத்தான் செய்யும். ‘இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கவா?’ என்று திரையில் ஒரு பெட்டி வரும். ‘அனுமதி’ என்று அழுத்தினால் விஷயம் முடிந்தது.

காலை பத்து மணி. அவள் கேபிளை மாட்டினாள். கம்ப்யூட்டரில் இருக்கிற மென்பொருளில் போனின் பெயர் வரவில்லை. “என்னடா இது” என்று தனக்குள் முணுமுணுத்தாள். முணுமுணுத்தது மகா தப்பு. மூன்று மேசை தள்ளி ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

“கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, நான் பாக்கறேன்.”

அவள் சேர்ந்து பத்து மாதம்தான் ஆகிறது. அவர் பதினாலு வருஷ சீனியர். எழுந்துவிட்டாள்.

அவர் இடது கையில் போனை எடுத்தார், வலது கையால் கேபிளைப் பிடுங்கினார், ‘ஃபூ’ என்று ஊதினார், மாட்டினார். போனில் பெட்டி வந்தது. கட்டைவிரல் அடித்தது. பெட்டி போயிற்று. அப்போது இது எங்கள் யாருக்கும் தெரியாது, திரை அவர் முகத்தைப் பார்த்து இருந்தது. உங்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

“என்கிட்ட நல்லாத்தான் வேலை செஞ்சுது” என்றார்.

கேபிளை மாற்றினார். பெட்டி, கட்டைவிரல். கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் மாட்டினார். பெட்டி, கட்டைவிரல். இழுப்பறையிலிருந்து பதினோரு கேபிள்களையும் ஒரே கொத்தாக அள்ளிக்கொண்டு வந்து, அவள் கீபோர்டின் மேல் குவித்து, ஒவ்வொன்றாக முடிச்சவிழ்த்து மாட்டிப் பார்த்தார். அவற்றில் ஐந்து வெறுமே சார்ஜ் மட்டும் ஏற்றுகிறவை. அந்த ஐந்துக்குப் போன் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரம்தான் அன்று காலை அவருடைய கட்டைவிரலுக்கு ஓய்வு.

அவள் பொறுமைசாலி. பெரியவர்களிடம் எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படித்தான் கேட்டாள்.

“அண்ணா, போன்ல ஏதாவது கேக்குதா?”

“ஒண்ணும் கேக்கலையேம்மா” என்றார், அடித்துக்கொண்டே.

பொய் சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மனிதருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவருக்கு உண்மையிலேயே எதுவும் கேட்கவில்லை.

சற்று நேரத்தில் அவள் குனிந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். ‘போன் இருக்கிறது, ஆனால் அனுமதி தரவில்லை’ என்று அதிலும் தெளிவாக எழுதியிருந்தது. காட்டினாள். அவர் திரையைப் பார்க்காமல், அவளைப் பார்த்து, தகப்பன் மாதிரி புன்னகைத்தார்.

“அது எப்பவும் அப்படித்தான் சொல்லும். அதையெல்லாம் கண்டுக்காத.”

பிறகு பெரிய வைத்தியங்கள் தொடங்கின. போனின் அமைப்புகளுக்குள் ஆழமாகப் போனால், அடியில் பதிப்பு எண் என்று ஒரு வரி இருக்கும்; அதை ஏழு தடவை தட்டினால்தான் செயலி எழுதுகிறவர்களுக்கான ரகசிய அறை திறக்கும். ஆறு தடவை தட்டினால் திறக்காது. யார் இதைக் கண்டுபிடித்தார்களோ, நல்ல மனநிலையில் இருந்திருக்க மாட்டார்கள். அந்த அறை ஏற்கனவே திறந்துதான் இருந்தது. அவர் அதை மூடிவிட்டு மறுபடி ஏழு தட்டுத் தட்டித் திறந்தார். நாலு தடவை மூடினார், நாலு தடவை திறந்தார். மொத்தம் இருபத்தெட்டுத் தட்டு. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். வைரஸ் தடுப்பு மென்பொருளின் மீது சந்தேகப்பட்டு அதை நிறுத்தினார். வைஃபை பெட்டியைக் கழற்றி மாட்டினார். இணைப்பு கேபிள் வழியாகத்தானே என்று நான் வாயைத் திறந்தேன், “எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்கு சார்” என்று என் வாயை அடைத்தார். எட்டுப் பேரும் அரை மணி நேரம் இன்டர்நெட் இல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டரைக்கு, “இது சாஃப்ட்வேர்லயே கோளாறு” என்று தீர்ப்புச் சொல்லி, செயலி எழுதும் மென்பொருளை முழுசாக நீக்கினார். நீக்கும்போது ஒரு பெட்டி கேட்டிருக்கும். விடுங்கள். மறுபடி இறக்கி ஏற்றுவதற்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்று திரையில் வந்தது. அவள் வரவேற்பறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. ஆனால் வரவேற்பறைப் பெண் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் நல்ல மனிதர். கஷ்டமே அதில்தான் இருக்கிறது. அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. வீட்டிலிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்தது, இரண்டு தடவையும் “சரி சரி, ஆகட்டும்” என்று சொல்லி வைத்தார். அவருக்கு இதில் ஒரு லாபமும் கிடையாது. இப்படிப்பட்டவரிடம் ‘தயவுசெய்து போங்கள்’ என்று எப்படிச் சொல்வது? அவள் அவருக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தாள். நானாக இருந்தால் அதை அந்தக் கேபிள் கொத்தின் மேல் ஊற்றியிருப்பேன்.

இரண்டு நாற்பதுக்கு முதலாளி அவளைக் கூப்பிட்டார். பத்து நிமிடம். போனை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து பார்த்தபோது போனின் திரையில் உலகத்து மொழிகளெல்லாம் வரிசையாக நின்று, ‘உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள்’ என்றன. அதாவது, போன் அன்றுதான் பிறந்திருந்தது.

“சுத்தமா ரீசெட் பண்ணிட்டேன்” என்றார் ஸ்பெஷலிஸ்ட். “இனி ஒரு தொந்தரவும் இருக்காது.”

உண்மைதான். அந்தப் போனில் தொந்தரவு தருவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை.

அதை மறுபடி ஒழுங்குபடுத்த முக்கால் மணி நேரம் ஆகும். மணி இரண்டு ஐம்பது. படிக்கட்டில் தடி தட்டும் ஓசை கேட்டது. செயலாளர் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார்.

அறுபதைத் தாண்டியவர். பிறவியிலேயே பார்வை இல்லை. முப்பது வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து இணைப்புக் கொடுத்தவர். வந்து உட்கார்ந்து, தடியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் மூச்சுக் காற்றை வைத்தே ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். அவள் எதையும் பூசி மெழுகவில்லை. செயலி தயார், போன்தான் தயாரில்லை என்று சொன்னாள்.

“அதுக்கென்னம்மா, என் போன்லயே போட்டுக் காட்டுங்க” என்றார்.

சொல்லி முடிக்கும் முன்னாலேயே ஒரு கை நீண்டது. “குடுங்க சார், நான் பாக்கறேன்.”

போன் கைமாறியது. ஸ்பெஷலிஸ்டின் விரல் பட்ட இடமெல்லாம் அது பேசியது. ‘தொடர்புகள்.’ ‘கடிகாரம்.’ ‘அமைப்புகள்.’ அவர் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். செயலாளர் சிரித்துக்கொண்டே விளக்கினார்: இந்தப் போனில் ஒரு தடவை தொட்டால், தொட்டது என்னவென்று சொல்லும், அவ்வளவுதான், இரண்டு தடவை தட்டினால்தான் காரியம் நடக்கும். பார்க்காமல் போன் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான். பிறகு போனைத் திரும்ப வாங்கி, அவள் வழி சொல்லச் சொல்ல, தானே அந்த அமைப்புகளுக்குள் போய், பதிப்பு எண்ணைக் கண்டுபிடித்து, ஏழு தடவை தட்டினார். ரகசிய அறை ஒரே தடவையில் திறந்தது.

புதிதாக ஏற்றிய மென்பொருள் கம்ப்யூட்டரில் காத்திருந்தது. அவள் கேபிளை மாட்டினாள். ‘டிங்’ என்றது. போன் மேசையில் இருந்தது. பழக்க தோஷம், ஸ்பெஷலிஸ்ட் அதை எடுத்தார். கட்டைவிரல் அடித்தது.

“ரத்துசெய். பொத்தான்” என்றது போன், உரத்த குரலில்.

மறுபடி அடித்தார்.

“ரத்துசெய். பொத்தான்.”

மூன்றாவது தடவை சற்று மெதுவாக, பயந்த மாதிரி, தொட்டார். “ரத்துசெய். பொத்தான்.” அதன் குரலில் கோபமுமில்லை, அலுப்புமில்லை. எத்தனை தடவை தொட்டாலும் அது சொல்லிக்கொண்டேதான் இருக்கும்.

“எதை ரத்து பண்றீங்க தம்பி?” என்று கேட்டார் செயலாளர்.

பதினாலு வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. அவர் போனைப் பார்த்தார். முதல் தடவையாக, உண்மையாகவே, பார்த்தார். பிறகு அதைச் செயலாளரின் கையில் வைத்தார்.

செயலாளர் ஒரு விரலைத் திரையின் மேலிருந்து கீழே மெல்ல இறக்கினார். போன் ஆரம்பத்திலிருந்து சொன்னது: “இந்தக் கணினி உங்கள் போனுடன் இணைய விரும்புகிறது. அனுமதிக்கவா? இந்தக் கணினியை எப்போதும் அனுமதி. தேர்வுப் பெட்டி. ரத்துசெய். பொத்தான். அனுமதி. பொத்தான்.”

“அனுமதி கேக்குதும்மா. குடுக்கலாமா?”

“குடுங்க சார்” என்றாள் அவள். அதைச் சொல்லும்போதே காலையிலிருந்து நடந்தது முழுக்க அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. ஆனால் அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு வராது.

இரண்டு தட்டு. கம்ப்யூட்டரில் போனின் பெயர் வந்தது. நாற்பது வினாடியில் செயலி ஏறியது. பத்து மணிக்கு முடிந்திருக்க வேண்டிய வேலை.

செயலாளர் சட்டைப் பையிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்தார். ஒரே அளவு, ஒரே வழவழப்பு. ஒன்றில் மட்டும் ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. அதுதான் காலையில் போடுவது, மாறிவிடக் கூடாதென்று போட்ட அடையாளம். முதல் அட்டையைக் காட்டினார். போன் மாத்திரையின் பெயரைச் சொன்னது, காலாவதி மாதத்தைச் சொன்னது. இரண்டாவதைக் காட்டினார். சொன்னது. மறுபடி முதலாவதைக் காட்டினார். மறுபடி இரண்டாவது. ஐந்தாறு தடவை மாற்றி மாற்றிக் காட்டி, முழுசாகக் கேட்டார். பிறகு ரப்பர் பேண்டைக் கழற்றி அவள் மேசையில் வைத்தார்.

“அடுத்த வாரம் எங்க ஆளுங்க இருபது பேரைக் கூட்டிட்டு வரேன்” என்றார்.

அவள் இப்போது அழுதாள். அப்பாவுக்குப் போன் செய்யப் போகிறேன் என்று வெளியே ஓடினாள்.

கிளம்பும்போது செயலாளர், செயலிக்குள் வருகிற வாக்கியங்களை எழுதுவது யார் என்று விசாரித்தார். நான்தான் என்றேன். “ஒவ்வொண்ணையும் முழுசாக் கேப்பேன் சார். போர்டுல இருந்தப்பவும் அப்படித்தான், யார் பேசறாங்க, யார் வேணும், ரெண்டையும் கேக்காம லைன் குடுத்ததே இல்ல” என்றார். என் வாழ்க்கையில் கிடைத்த முதல் வாசகர். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவர் படி இறங்கிய பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தச் செயலியில் பதினோரு இடங்களில் ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது’ என்று எழுதி வைத்திருக்கிறேன். என்ன தவறு? எனக்குத் தெரியாது. யார் படிக்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

ஸ்பெஷலிஸ்ட் என்ன ஆனார்? அசடு வழிந்தாரா, திருந்தினாரா? நீங்கள் அவரைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. கேபிள்களை அள்ளிக்கொண்டு தன் இடத்துக்குப் போய், ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “காலையிலேர்ந்து நான் பண்ணதெல்லாம் இப்பதான் பலன் குடுத்திருக்கு” என்றார். இரண்டு வாரம் கழித்துப் புதிதாகச் சேர்ந்தவரிடம் அந்த மூன்று மணிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன கதையில் ரீசெட்தான் திருப்பம். ரப்பர் பேண்ட் வரவே இல்லை.

ஒன்று மட்டும் மாறியது. அன்று மாலையே வீட்டிலிருந்து மூன்றாவது அழைப்பு வந்தது. “நானா? நான் எப்ப சரின்னு சொன்னேன்?” என்றார். வெகுநேரம் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மாமியார் பஸ் நிலையத்தில் மத்தியானம் ஒன்றரை மணியிலிருந்து, மாப்பிள்ளை கூட்டிப்போக வருவார் என்று உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அதற்காகத்தான் எழுதினேன். ஆனால் இன்று காலை உங்கள் போன் உங்களிடம் ஒன்று கேட்டது, நீங்களும் ‘சரி’ என்றீர்கள். எதற்கு? போனை விடுங்கள், அது எந்திரம். வாசலில் செருப்பு மாட்டும்போது உங்கள் வீட்டில் ஒருவர் உங்களிடம் ஒன்று சொன்னார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். என்ன சொன்னார்?

தெரியவில்லையா? பரவாயில்லை. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.